பாத்திரம் நீட்டும் கை: தரங்கம்பாடி முதல் திருவண்ணாமலை வரை சபை ஐக்கியம் பற்றிய சில குறிப்புகள்

தமிழகப் புராட்டஸ்டன்ட் சபைகளில் சாதி பற்றி எழுதப் புகுகிறவர் எவரும் டங்கன் ஃபாரஸ்டரைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது. 1980இல் வெளிவந்த ‘சாதியும் கிறிஸ்தவமும்’ என்ற அவரது ஆங்கில நூல் ஒரு கோடு கிழித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மிஷனரிகள் சாதியைச் சகித்தார்கள். 1833இல் சாதியைக் கைவிடச் சொல்லி பிஷப் டேனியல் வில்சன் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பின் காற்று திசைமாறியது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு நிறைவேற்றிய தீர்மானத்தோடு ஆங்கிலேய, அமெரிக்கச் சங்கங்கள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசத் தொடங்கின. லைப்சிக் லுத்தரன் சங்கம் மட்டும் ஒதுங்கி நின்றது. இந்த ஒதுங்கலுக்கு அவர் லுத்தரன் இறையியலிலும் ஜெர்மானியச் சமூகச் சிந்தனையிலும் வேர் தேடுகிறார்.

கோட்டின் போக்கில் பெரிய பிழையில்லை. காரணம் காட்டும் இடத்தில்தான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. சங்கங்களின் தீர்மானங்களையும் சுற்றறிக்கைகளையும் கொண்டு அவர் சபையின் ஒற்றுமையை அளக்கிறார். தீர்மானம் எழுதியவர்கள் திருவிருந்துப் பந்தியில் எந்த இடத்தில் நின்றார்கள்? யார் கையிலிருந்து யார் அப்பமும் ரசமும் வாங்கினார்கள்? இந்தக் கேள்விகளை முன்வைத்தால் ‘லுத்தரன் விதிவிலக்கு’ என்ற விளக்கம் நிற்பதில்லை.

இராஜநாயக்கன் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். பறையர் குலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரர். தமிழில் அச்சான சுவிசேஷத்தைப் படித்துத் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனோடு சேர்ந்து, 1728 முதல் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் போதகராகக் குருப்பட்டம் பெற்றிருந்தார். இரண்டாவது போதகர் யார் என்ற பேச்சு எழுந்தபோது இராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. ஆனால் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு. மிஷனரிகள் சொன்ன காரணம், ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. இராஜநாயக்கனின் உழைப்பில் அவர்களுக்குக் குறையில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிச் சபையார் கூசுவார்கள் என்பதே தடை. 1771இல் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

இந்த ஒரு பதிவின் முன் சற்று நிற்க வேண்டும். அவர் திருவிருந்து பெறுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அவர் பிரசங்கிக்கலாம், ஞானஸ்நானத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தலாம், துன்பம் சகிக்கலாம். பாத்திரத்தை நீட்டும் கை மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது. அதாவது சபை அவரை வாங்குகிறவராக ஏற்றது, கொடுக்கிறவராக ஏற்கவில்லை. சாதியின் இலக்கணமும் இதுதானே? சோறு யார் கையிலிருந்து வருகிறது என்பதில்தான் தீட்டு இருக்கிறது.

இதற்கு லுத்தரன் இறையியல் எப்படிக் காரணமாகும்? 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் எட்டாம் பிரிவு நேர் எதிரானது. நடத்தை கெட்ட குருவானவர் பரிமாறினாலும் சாக்கிரமந்து செல்லும் என்பதே அந்தப் பிரிவின் சாரம். அதன் வல்லமை கிறிஸ்துவின் கட்டளையைப் பொறுத்தது, கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்ததல்ல. பொல்லாதவன் கொடுத்தாலும் கிருபை குறையாது என்று நம்பிய சபை, நல்லவர் ஒருவர் கொடுத்தால் கூசியது. இறையியல் இங்கே தோற்றதே தவிர, இந்த விளைவுக்கு வழிகாட்டவில்லை. மிஷனரிகள் தங்கள் விசுவாச அறிக்கையையே ஊர் வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஃபாரஸ்டரின் விளக்கத்தில் இந்த முரண் போதிய கனம் பெறவில்லை.

அடுத்தது கார்ல் ஓக்ஸ். லைப்சிக் சங்கத்தின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை கீழை நாடுகளிலும் தென்னிந்தியாவிலும் பயணம் செய்தவர். திருக்குறளை ஜெர்மனில் தந்தவர். சாதியைக் கட்டாயத்தால் அறுக்கக் கூடாது, சுவிசேஷம் உள்ளிருந்து கரைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் நிலை. தமிழை இவ்வளவு நேசித்த மனிதர் தமிழ்ச் சமூகத்தின் மேல்தட்டோடு இவ்வளவு பொறுமை காட்டியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சங்கத்தின் மிஷனரி, அதே ஆக்ஸ்பர்க் அறிக்கையின்மேல் உறுதிமொழி எடுத்தவர் ஓக்ஸ். சாதிப் பிரச்சினையை முன்னிட்டே அவர் சங்கத்தை விட்டு வெளியேறி, தென்னாற்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் 1861இல் தனியாகப் பணி தொடங்கினார். ஒரே இறையியல் கிரவுலையும் ஓக்ஸையும் எதிரெதிர்த் திசைகளில் அனுப்பியிருக்கிறது என்றால், வேறுபாட்டுக்குக் காரணம் இறையியலுக்கு வெளியே இருக்கிறது.

ஓக்ஸின் பணி சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்தது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன டேனியர், இருபது ஆண்டுக்குள் ஒரு தென்னாற்காட்டுக் கிராமத்தின் வழியே மீண்டும் வந்து சேர்ந்தார்கள் என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை. இன்றைய ஆற்காடு லுத்தரன் சபை அந்தப் பணியின் வழித்தோன்றல். அதன் தொடக்கத்தை 1861 என்பதா, டேனிஷ் சங்கம் பொறுப்பேற்ற ஆண்டு என்பதா? முதலாவதைக் கொண்டால் சபையின் பிறப்பே சாதி மறுப்பில் நிகழ்ந்தது என்றாகும். இரண்டாவதைக் கொண்டால் அது ஒரு நிர்வாக நிகழ்வு. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், முடிந்த முடிவாக அல்ல.

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு வருவோம். நகரின் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி இந்த மரபின் கண்கூடான அடையாளம். நகரிலிருந்து செஞ்சிச் சாலையில் போனால் கீழ்பென்னாத்தூர். ஊர் வேறு, சேரி வேறு என்று குடியிருப்புகள் பிரிந்து கிடக்கும் நாடு இது. ஓக்ஸின் வழியில் வந்த சபை இங்கே ஒற்றுமையாக வாழ்ந்தது என்று சொல்லிவிடலாமா? இங்கே என் சான்றுகள் மெலிந்தவை. ஆயினும் வலுவாகவே வாதிடுவேன். வட, தென் ஆற்காடுகளில் டேனிஷ் மிஷன் வழி வந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். தஞ்சாவூர், தரங்கம்பாடி சபைகளில் இருந்ததுபோல் வேளாளரும் பறையரும் ஒரே பந்தியில் நிற்க வேண்டிய நெருக்கடி இங்கே அரிது. சாதியை மறுத்துப் பிறந்த சபைக்கு அந்த மறுப்பைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே பெரும்பாலும் வாய்க்கவில்லை. எதிரில் ஆளில்லாத களத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் உடனுண்ணும் சோதனையை வற்புறுத்தியபோது உபதேசியார்கள் பலரை இழந்தது. அந்த இழப்பு ஆற்காட்டின் அமைதியைவிட நமக்கு அதிகம் சொல்கிறது.

கத்தோலிக்கர் பக்கமும் கதை வேறல்ல. வடக்கன்குளம் கோயிலில் சாதிவாரியாக நின்ற தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது தெரிந்ததே.

ஐக்கியம் என்ற சொல் இருபதாம் நூற்றாண்டில் வேறு பொருளில் பெரிதாக ஒலித்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர், பிஷப் வி. எஸ். அசரியா உட்பட, திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட அடிப்படைகள் நான்கு: வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், இரு சாக்கிரமந்துகள், வரலாற்று ஆயர்த்துவம். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தரங்கம்பாடி மண்ணில் முதலில் வேரூன்றிய லுத்தரன்கள் அதில் சேரவில்லை. ஆயர்த்துவமும் நற்கருணை பற்றிய போதனையும் இடையில் நின்றன. பிந்தைய பேச்சுவார்த்தைகளும் இணைப்பில் முடியவில்லை. குருப்பட்டம் யார் வழியாக வர வேண்டும் என்று இத்தனை ஆண்டு வாதாடினார்கள். இராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுக்கப்பட்ட காரணம் அந்த நான்கு அடிப்படைகளில் எதற்குள்ளும் அடங்காது.