தீவைச் சுற்றும் சடக்கு



சென்ற விடுமுறையில் நாங்கள் பதினான்கு பேர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போய் வந்தோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், பெற்றோர் நால்வர், தோட்டத்திலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் பாட்டி ஒருவர், அடியேன். கோவில் பார்த்தோம், கடல் பார்த்தோம் என்று எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானும் அதற்காகப் பேனாவை எடுக்கவில்லை. வழியில் ஒரு பையன் கேட்ட கேள்விதான் என்னை எழுத வைத்தது.

விடியற்காலை நான்கு மணிக்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து புறப்பட்டு, ஈப்போவில் பசியாறி, பினாங்குப் பாலத்தில் ஏறும்போது வெயில் ஏறிவிட்டது. 13.5 கிலோ மீட்டர் நீளமுள்ள இந்தப் பாலம் 1985-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பட்டர்வொர்த்தில் பெர்ரியில் காடியை ஏற்றி, கடற்காற்று வாங்கிக்கொண்டே போவோம். 2021-லிருந்து பெர்ரியில் காடிகளை ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் தெரியாமலே போயிற்று.

மலாய் மொழியில் பினாங் என்றால் பாக்கு. 1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் கேப்டன் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றி, இதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் சூட்டினார். காட்டை வெட்டக் கூலிகளுக்கு ஆசை காட்டுவதற்காக, பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, எல்லாப் புத்தகத்திலும் அது இருக்கிறது.

ஜார்ஜ் டவுனிலிருந்து வடக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று போனோம். பத்து என்றால் பாறை; பெரிங்கி என்பது நம்முடைய ‘பரங்கி’தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. தெலுக் பஹாங் தாண்டியதும் சடக்கு மலைக்குள் நுழைகிறது. அப்புறம் பாருங்கள், வளைவுக்கு மேல் வளைவு! இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். டிரைவர் அண்ணன் திதி கெராவாங் அருவிப் பக்கம் வேனை ஓரங்கட்டினார். அங்கே சாதிக்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தபோதுதான் அந்தப் பையன் கேட்டான்:

“சார், இவ்வளவு பெரிய காட்டுல மொதல்ல யாரு சார் சடக்கு வெட்டுனது? அப்ப மெஷினு கெடயாதே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “வெள்ளைக்காரன்” என்று ஒருவர் சொன்னார். பாட்டி சிரித்துவிட்டார். “வெள்ளக்காரன் எங்கய்யா மம்பட்டி புடிச்சான்?” என்றார்.

பாட்டி சொன்னதுதான் சரித்திரம். நாம் எல்லாரும் கித்தா மரத்தோடுதான் இந்த நாட்டுக்கு வந்தோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வணிகம் செய்ய வந்த நம்மவர் லைட்டுக்கு முன்பே கடாரக் கரையில் இருந்தார்கள். ரப்பர் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே பிறைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் வந்துவிட்டார்கள். இந்த இரு சாராரையும் விட்டு இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். கும்பினியார் இந்தியாவிலிருந்து நாடு கடத்திய கைதிகள் அவர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். பிறகு மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் கொடுமை 1849 வரை சட்டத்தில் இருந்தது. காட்டை அழிப்பது, சதுப்பைத் தூர்ப்பது, செங்கல் அறுப்பது, சாலையும் பாலமும் போடுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். 1867-ல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்த பிறகுதான் இந்த வரவு நின்றது. 1873-ல் மிச்சமிருந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தமானுக்கு மாற்றப்பட்டார்கள். நாங்கள் போன வளைவுகள் அத்தனையையும் அவர்கள்தான் வெட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல சடக்குகள் பிற்காலத்தவை. ஆனால் இந்தத் தீவில் முதலில் காட்டைத் திறந்து வழி போட்ட கைகளில் நம் நாட்டுக் கைகளும் உண்டு. வெள்ளிக் காசுக் கதையைச் சொல்பவர்கள் காலில் சங்கிலியோடு மண் வெட்டியவர்கள் கதையைச் சொல்வதில்லை. அது ஏனோ!

எல்லாரும் திருடர்களா என்று கேட்பீர்கள். இல்லை. மருது சகோதரர்களை நீங்கள் அறிவீர்கள். 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரியில், அந்தப் போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். கப்பல் வந்து சேர்ந்தது இந்தப் பினாங்குக்குத்தான். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது அவர் மீசை அரும்பாத பிள்ளை.

வெல்ஷ் என்று ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. இளவயதில் சிவகங்கைப் பக்கம் இருந்தபோது, சின்ன மருதுதான் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தாராம். பிறகு நடந்த போரில் அதே வெல்ஷ் எதிர்ப்படையில் நின்றார். 1818-ல் அவர் பினாங்குக்கு வந்திருந்தபோது, தளர்ந்து ஒடுங்கிய ஒரு மனிதர் அவரைப் பார்க்க வந்தார். வெல்ஷுக்கு ஆளை அடையாளமே தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் சின்ன மருதுவின் மகன் என்று தெரிந்தது. இடையில் ஓடியது பதினாறே ஆண்டுகள்! முப்பது வயதைச் சற்றே தாண்டியிருக்க வேண்டிய ஒருவர் கிழவராய் வந்து நின்றிருக்கிறார். இதை வெல்ஷே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். நூல் 1830-ல் வெளிவந்தது. எதிரியின் பேனா எழுதியதால்தான் இது நமக்குத் தெரிகிறது. கூட வந்த மற்றவர்களுக்கு அப்படி ஒரு வரி எழுத எத்தனை பேர் இருந்தார்கள்?

நான் இதைச் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மலையிறங்கி பாலிக் பூலாவ் போனோம். ‘தீவின் பின்பக்கம்’ என்று பொருள். கும்பினியார் காலத்திலேயே சாதிக்காயும் கிராம்பும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டன. இன்றும் இந்த மலைச்சரிவுகளில் அவை விளைகின்றன. டுரியான் சொல்லவே வேண்டாம். விலையைக் கேட்டுவிட்டு வாசனையோடு திருப்தி அடைந்தோம்! அங்கிருந்து இன்னொரு மலை ஏறி இறங்கினால் தெலுக் கும்பார், அதன்பின் பாயான் லெப்பாஸ். 1972-ல் இங்கே சுதந்திரத் தொழிற்பேட்டை வந்தது. மரம் வெட்டிய தாய்மார்களின் பெண்பிள்ளைகள் பலர் கத்தியை விட்டு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனது இந்த வழியாகத்தான். 1952-ல் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழும்பிய பெட்டாலிங் ஜெயாவில் குடியிருக்கும் நமக்கு, தோட்டம் போய்த் தொழிற்சாலை வந்த கதையை விளக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கரைக்கு அருகே கடலில் பச்சையாக ஒரு சின்னத் தீவு தெரிந்தது. “அது புலாவ் ஜெரெஜாக்” என்றார் டிரைவர் அண்ணன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தொழுநோய் மருத்துவமனை அமைந்தது. பிறகு கப்பலில் வந்தவர்களை நோய் பார்த்து நிறுத்தி வைக்கும் இடமாகவும் இருந்தது. 1969-லிருந்து 1993 வரை சிறைச்சாலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் முதன்முதலாகச் சோறு உண்ட இடம் அது.

பாட்டி அதுவரை கண்ணயர்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

“எங்கப்பாவ அங்கதான்யா வச்சிருந்தாங்க. தலையில மருந்து ஊத்துனாங்களாம், துணியெல்லாம் அவிச்சாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கூட வந்த தம்பி அங்கயே செத்துட்டான்னு மட்டும் ஒரு தடவதான் சொன்னாரு.”

சற்று நிறுத்தச் சொன்னார். அதற்குள் வேன் பாலத்தில் ஏறிவிட்டது. பாலத்தில் நிறுத்தக் கூடாது. டிரைவர் அண்ணன் இடது ஓரமாக வேகத்தைக் குறைத்து மெல்ல ஓட்டினார். காலையில் சடக்கைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் தன் சன்னல் ஓர இடத்தைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தான்.