டாக்டர் பார்க்கக் கூடாத சீட்டு

கவரின் மேல் ஒரு மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். உள்ளே சிறிய அட்டை ஒன்று. அதில் 'எஸ்' என்று இருந்தால் நோயாளிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 'சி' என்று இருந்தால் படுக்கை ஓய்வு மட்டும். 1947இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இப்படிப்பட்ட கவர்களை ஒட்டி வைத்துக்கொண்டுதான் காசநோய்க்கான புதிய மருந்தைச் சோதித்தது. எந்தக் கவரில் எந்த அட்டை இருக்கிறது என்பது நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாது. ஆய்வை ஒருங்கிணைத்தவருக்கும் தெரியாது. ஒரு நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று குழு ஏற்றுக்கொண்ட பிறகே, தலைமை அலுவலகத்தில் அவருக்குரிய எண்ணுள்ள கவரைப் பிரிப்பார்கள்.

எளிய ஏற்பாடுதான். ஆனால் இதை வந்தடைய மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது.

காசநோய் ஆளுக்கு ஆள் மாறுபடும் நோய். மருந்தே இல்லாமல் சிலருக்கு ஆறிவிடும். எவ்வளவு கவனித்தாலும் சிலர் ஓரிரு ஆண்டில் போய்விடுவார்கள். அதனால் எதைக் கொடுத்தாலும் "இதனால்தான் பிழைத்தேன்" என்று சொல்ல நாலு பேர் கிடைப்பார்கள். 1920களில் தங்க உப்பு கலந்த ஓர் ஊசி அப்படித்தான் ஐரோப்பாவில் பேர் வாங்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் ஆம்பர்சனும் அவருடைய சகாக்களும் நோயின் தீவிரத்தில் ஒத்திருந்த 24 பேரை இரு பிரிவாக்கினார்கள். எந்தப் பிரிவுக்குத் தங்கம், எந்தப் பிரிவுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீர் என்பதைக் காசைச் சுண்டி முடிவுசெய்தார்கள். 1931இல் முடிவு வெளிவந்தது. தங்கத்தால் நோய் குறையவில்லை, உபாதைதான் மிச்சம்.

காசை ஏன் சுண்ட வேண்டும்? அனுபவமுள்ள மருத்துவரே பார்த்துப் பிரித்தால் ஆகாதா? இதற்கு மிகத் தெளிவான பதில் மருத்துவமனையிலிருந்து வரவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில் 67 பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 10,000 பிள்ளைகளுக்கு நாள்தோறும் முக்கால் பைண்ட் பால், அதாவது ஏறக்குறைய 425 மில்லி. இன்னொரு 10,000 பிள்ளைகளுக்குப் பால் கிடையாது. பிப்ரவரியில் எடையும் உயரமும் பார்த்தார்கள், ஜூனில் மறுபடி பார்த்தார்கள். யாருக்குப் பால் என்பதைச் சீட்டுப் போட்டோ அகர வரிசைப்படியோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு பக்கம் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகளோ, ஒட்டிய வயிற்றுப் பிள்ளைகளோ அதிகமாகச் சேர்ந்துவிட்டால் சரிசெய்துகொள்ளலாம் என்று பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

நடந்ததை யாரும் ஊகிக்கலாம். ஆசிரியர்கள் மனிதர்கள்தானே. மெலிந்த பிள்ளையைப் பால் பக்கம் நகர்த்தினார்கள். சோதனை தொடங்கும்போதே பால் குடிக்காத கூட்டம் பால் குடிக்கப்போகும் கூட்டத்தைவிட உயரமாகவும் எடை கூடுதலாகவும் இருந்தது. கின்னஸ் மதுவாலையில் வேலைபார்த்துக்கொண்டே 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிவந்த புள்ளியியலர் வில்லியம் காசெட் 1931இல் இதைப் பிரித்துக் காட்டினார். அவர் கண்ணில் இன்னொன்றும் பட்டது. பிள்ளைகளை உடுப்போடுதான் நிறுத்திருக்கிறார்கள். பிப்ரவரிக் குளிரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கனத்த உடையோடு தராசில் ஏறும், ஜூனில் அதைக் கழற்றிவிட்டு ஏறும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்றக் கனத்த கோட்டு ஏது? வசதியான பிள்ளைகள் மறுபக்கம் சேர்ந்துவிட்டதால், கோட்டின் எடை குறைந்ததும் பாலின் கணக்கில் ஏறிவிட்டது. இருபதாயிரம் பிள்ளைகளை அளந்தும், பால் எவ்வளவு பலன் தந்தது என்ற கேள்விக்கு நம்பத்தக்க பதில் இல்லாமல் போயிற்று.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் இரக்கமுள்ள எவரும் அதைத்தான் செய்வார். இரக்கம் உள்ளே வந்த இடத்தில் ஒப்பீடு கெட்டது என்பதும் உண்மை. கவர் கண்டுபிடிக்கப்பட்டது கெட்ட மருத்துவரைத் தடுப்பதற்காக மட்டும் அல்ல. நல்ல மருத்துவரின் கையையும் அது கட்டவேண்டியிருந்தது.

அதற்கான கணக்கு வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1919இல் வந்த ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கலே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஒரே வயலிலும் மண் இடத்துக்கு இடம் மாறும். நமக்குத் தெரிந்த வேறுபாட்டைச் சமன்செய்யலாம், தெரியாததை என்ன செய்வது? குலுக்கிப் போட்டால் தெரிந்ததும் தெரியாததும் இரு பக்கமும் பரவிவிடும். மிஞ்சுகிற வேறுபாடு தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையும் கணக்கிட்டுவிடலாம். காரணத்தைத் தேடும் புள்ளியியலின் அடித்தளம் இதுதான்.

குலுக்கினால் மட்டும் போதாது, குலுக்கலை யாரும் எட்டிப்பார்க்கவும் கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறை தமிழருக்குத் தெரிந்ததுதான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்றுகூட விதி வைத்திருந்தார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே யோசித்திருக்கிறார்கள். 1947இன் கவரும் அதே எச்சரிக்கையில் ஒட்டப்பட்டது.

ஒட்ட வைத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். முதல் உலகப் போரில் விமானியாகப் போய்க் காசநோயோடு திரும்பியவர். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்ததால் மருத்துவம் படிக்கும் ஆசை கைகூடவில்லை. அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்துப் புள்ளியியலுக்கு வந்தார். ஒருவருக்கு மருந்து, அடுத்தவருக்கு இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறைதான் அதுவரை மருத்துவ ஆய்வுகளில் வழக்கம். அதில் அடுத்த முறை யாருடையது என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தேறக்கூடியவராகத் தெரிகிற நோயாளியை மருந்து முறை வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியும். ஹில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண், பெண் தனித்தனியாகச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பட்டியல் தயாரித்தார். அந்தப் பட்டியல் அட்டையாகிக் கவருக்குள் போயிற்று.

107 நோயாளிகள். இரு நுரையீரலிலும் நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த இளவயதினர். மருந்துப் பக்கம் 55 பேர், ஓய்வுப் பக்கம் 52 பேர். மருந்துப் பக்கத்தாருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி வீதம் நாளுக்கு நாலு, நாலு மாதம். எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்குப் படம் யாருடையது, எந்தப் பக்கத்தாருடையது என்று சொல்லவில்லை. ஆறு மாத முடிவில் மருந்துப் பக்கம் 4 பேரும் ஓய்வுப் பக்கம் 14 பேரும் இறந்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் நல்ல முன்னேற்றம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம் 51 சதவீதம், மறுபக்கம் 8 சதவீதம். 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது.

52 பேருக்கு மருந்தை மறுத்தது தகுமா? போர் முடிந்த பிரிட்டனிடம் மருந்து வாங்க டாலர் இல்லை, கைக்கு வந்த மருந்து கொஞ்சம். மூளை உறைக் காசநோய் போல, மருந்தில்லாவிட்டால் சாவு நிச்சயம் என்ற நிலையில் இருந்தவர்களைக் குலுக்கலில் சேர்க்கவே இல்லை, அவர்களுக்கு நேராக மருந்து போயிற்று. எல்லாருக்கும் போதாத மருந்தைப் பகிரும்போது குலுக்கல் அநியாயம் ஆகாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஓய்வுப் பக்கத்து நோயாளிகளிடம் அவர்கள் ஓர் ஆய்வில் இருக்கிறார்கள் என்பதையே சொல்லவில்லை. அதை ஏற்க முடியாது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது.

ஐந்து ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது மருந்துப் பக்கம் 55இல் 32 பேர், ஓய்வுப் பக்கம் 52இல் 35 பேர் இறந்திருந்தார்கள். முதல் ஆறு மாதத்தின் பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டதே காரணம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அடுத்த குலுக்கல் ஆய்வில்தான் உறுதியாயிற்று. இந்த ஐந்தாண்டுக் கணக்கை எழுதியவர்களில் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ். 1956இல் அவர் சென்னைக்கு வந்தார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்துக்கு ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். காசநோயாளி என்றால் சானடோரியம் என்று இருந்த காலம் அது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் இன்றும் இருக்கிறது. நாட்டில் தொற்றுப் பரப்பும் நோயாளிகள் 15 லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கட்டில்களோ சில பத்தாயிரம்தான். மீதிப் பேருக்கு என்ன செய்வது?

சென்னை நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, மறுபிரிவு வீட்டுக்கு. இரு பிரிவுக்கும் ஒரே சிகிச்சை: ஐசோனியாசிட், பாஸ் என்ற இரு மருந்துகள், ஓராண்டு. வீட்டுக்குப் போனவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்தார்கள், சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. மையத்துப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தார்கள். சானடோரியத்துக்காரர்களுக்கு உடம்பு நன்றாகப் பிடித்தது. ஆனால் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் நோயாளியோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

1959இல் இந்த முடிவு வெளியானது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பணக்கார நாடுகளும் சானடோரியங்களைக் கைவிட்டன. நோயாளிகளை மருத்துவர்களின் விருப்பப்படி பிரித்திருந்தால், "லேசான கேஸ்களைத்தான் வீட்டுக்கு அனுப்பினீர்கள்" என்ற ஒரே வரியில் உலகம் இதைத் தள்ளியிருக்கும். சென்னைக்காரர் ஒருவரும் மறக்கக் கூடாத ஆய்வு இது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

நாம் விரும்பாத பதிலும் இந்த முறையிலிருந்து வந்திருக்கிறது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை ஏறக்குறைய 2.6 லட்சம் பேரிடம் சோதித்தார்கள். எது தடுப்பூசி, எது மருந்தில்லாத வெறும் ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிரிட்டனில் வளரிளம் பருவத்தினருக்குச் சிறப்பாக வேலைசெய்த அந்தத் தடுப்பூசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. பச்சைக் குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். செங்கல்பட்டு முடிவு பலருக்கும் கசந்தது, ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

கவரை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஆய்வாளர் கென்னத் ஷுல்ஸ் 1995இல் இதை எழுதினார். கவரைப் பிரகாசமான விளக்குக்கு நேரே பிடித்து உள்ளிருப்பதைப் படிப்பது, பட்டியலைத் தேடி மேசையைக் குடைவது என்று மருத்துவர்களே செய்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத ஆய்வுகளில் சிகிச்சையின் பலன் பெரிதாக ஊதித் தெரிகிறது என்பதையும் அவரும் சகாக்களும் 250 ஆய்வுகளை வைத்துக் காட்டினார்கள். இதைத் தடுக்கத்தான் ஒளி ஊடுருவாத கவர். இன்று பெரும்பாலும் தொலைவில் இருக்கும் கணினி அந்த வேலையைச் செய்கிறது.

குலுக்க முடியாத கேள்விகளும் இருக்கின்றன. யாரையும் புகைக்கச் சொல்லிச் சீட்டுப் போட முடியாது. ஹில்லும் ரிச்சர்ட் டாலும் 1950இல் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள், பிறகு பிரிட்டிஷ் மருத்துவர்களையே பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். புகைதான் புற்றுநோய்க்குக் காரணம் என்ற அவர்கள் முடிவைக் குலுக்கலின் தந்தையான ஃபிஷரே நம்ப மறுத்தார், அதில் அவர் தவறினார். இன்று இத்தகைய ஆய்வுகளைச் செய்பவர்கள், 'சீட்டுப் போட முடிந்திருந்தால் இந்த ஆய்வு எப்படி இருந்திருக்கும்?' என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, இருக்கிற தரவை அதற்கு நெருக்கமாகக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள்.

கடைசியாக இந்தச் சீட்டு ஜார்க்கண்டுக்குப் போயிற்று. 2019இல் தொடங்கி நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்துச் சோதித்தார்கள். சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவு கொடுத்தார்கள், குடும்பத்தாருக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை மட்டும் பகுதிவாரியாகக் குலுக்கினார்கள். நல்ல உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சாப்பாடு குறைவானாலும் நோய் அடங்கும் என்று சென்னை காட்டியது. வயிறார உண்டால் பலருக்கு நோயே வராது என்று ஜார்க்கண்ட் காட்டியது.

உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஒரு மருத்துவ ஆய்வில் சேரக் கூப்பிட்டால் பயந்து ஒதுங்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் வேண்டாம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை யார் முடிவுசெய்கிறார்கள் என்று கேளுங்கள். "டாக்டர் பார்த்து முடிவுசெய்வார்" என்று பதில் வந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.