ஒடிய மொழியும் ஜார்ஜிய மொழியும்: தோற்ற ஒப்புமையும் மொழியுறவும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்துள்ள படைவீடு, சம்புவராயரின் தலைநகராய் விளங்கிய பழம்பதியாகும். 15ஆம் நூற்றாண்டில் இவ்வூர் சிறிது காலம் ஒடிய அரசின் ஆட்சியெல்லைக்குள் அடங்கியிருந்தது. கசபதி கபிலேசுவரனின் படை தெற்கே திருச்சிராப்பள்ளி வரை வந்ததனையும், அவன் பெயரன் குமார மகாபாத்திரன் படைவீடு, வழுதிலம்பட்டு, திருவாரூர் முதலிய பகுதிகளுக்குத் தலைவனாய் இருந்ததனையும் விழுப்புரம் மாவட்டத்து முன்னூரிலுள்ள 1464ஆம் ஆண்டுக் கல்வெட்டால் அறிகிறோம். அப்படையெடுப்பால் கோயில் வழிபாடுகள் தடைப்பட்ட நிலையைப் பெண்ணையாற்றங்கரைச் சம்பைக் கல்வெட்டு ‘ஒட்டியன் கலபை’ எனக் குறிக்கின்றது. இக்கபிலேசுவரன் காலத்தில்தான் சாரளா தாசர் ஒடிய மொழியில் பாரதம் பாடினார். அருணகிரிநாதர் அண்ணாமலையில் திருப்புகழ் பாடியதும் அந்நூற்றாண்டிலேயே என்பர்.

ஒடியரோடு நமக்கு இத்தகைய தொடர்பு உண்டு. காக்கசு மலைநாட்டு ஜார்ஜியரோடு இல்லை. ஆயினும் ஒடியம், ஜார்ஜியம் ஆகிய இரண்டனையும் ஈண்டு ஒருங்கு வைத்து ஆராயப் புகுகின்றோம். ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதனை இவ்விரு மொழிகளும் தெளிவுறக் காட்டுகின்றன. சொல்லொப்புமைப் பட்டியல் ஒன்றையே சான்றாகக் கொண்டு, தொலைநாட்டு மொழிகளைத் தமிழின் கிளைகள் எனக் கூறும் வழக்கம் நம்மிடையே மிகுந்துள்ளமையின் இத்தெளிவு வேண்டப்படுகின்றது.

முதற்கண் எழுத்தை நோக்குவோம். இரு மொழிகளின் எழுத்துகளும் வளைந்து உருண்டவை. ஒடிய எழுத்து பிராமியின் வழிவந்தது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுப்பின் ஓலை கிழியும். அதனாலேயே தலைக்கோடு வளைவாயிற்று என 19ஆம் நூற்றாண்டில் பீம்சு விளக்கினார். ஜார்ஜிய எழுத்தோ கிரேக்க நெடுங்கணக்கின் வரிசையைப் பெரிதும் தழுவியது. 5ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டப்பட்ட அதன் பழைய வடிவம், பின்னர்த் தோலிலும் தாளிலும் விரைந்தெழுதுவோர் கையில் உருண்டது. ஒடியத்தில் உயிர்க்குறி மெய்யெழுத்தோடு ஒட்டி நிற்கும். ஜார்ஜியத்தின் 33 எழுத்துகளில் உயிர் ஐந்தும் தனித்தே நிற்கும். எனவே உருட்சி ஒன்றாயினும் அதன் காரணமும் மரபும் வெவ்வேறாம்.

இனி இலக்கணம். இரு மொழியிலும் பெயர்க்குப் பால்பாகுபாடு இல்லை. ‘அவன்’, ‘அவள்’ என்பவற்றிற்கு ஒரு சொல்லே வழங்கும். வேற்றுமைப் பொருள் பெயருக்குப் பின்னரே குறிக்கப்பெறும். ஒடியத்தில் இருபதைக் குறிக்கும் சொல் ‘கோடியே’. ஜார்ஜியத்தில் நாற்பது என்பது ‘இரண்டு இருபது’ என்றே அமையும். இவற்றால் உறவு பெறப்படுமோ எனின், படாது. முண்டா மொழிகளிலும் இருபதால் எண்ணும் முறை உண்டு. பால் பாகுபாடற்ற மொழிகளோ உலகில் மிகப் பல. மேலும் ஜார்ஜிய வினை எழுவாயை மட்டுமன்றிச் செயப்படுபொருளையும் முன்னொட்டால் உணர்த்தவல்லது. ‘நீ என்னைக் காண்கிறாய்’, ‘நான் உன்னைக் காண்கிறேன்’ என்னும் தொடர்கள் முதலொலி மாறிய ஒரே சொல்லாய் நிற்கும். ஒடிய வினைக்கு அவ்வியல்பு இல்லை.

சொற்களோ இன்னும் எளிதில் மயக்குவன. ஒடியத்தில் ‘மாமுன்’, தமிழில் ‘மாமன்’. ஜார்ஜியத்திலும் ‘மாமா’ உண்டு. ஆனால் அதன் பொருள் தந்தை. அம்மொழியில் ‘பூரி’ என்பது ரொட்டி. ‘ஓரி’ என்பது இரண்டு. நம் ‘ஒரு’ என்பதனோடு ‘ஓரி’யை இணைத்துக் காட்ட விரும்புவார்க்கு எண்ணே தடையாய் நிற்கின்றது.

மொழியுறவுக்குச் சான்றாவது ஒலித்திரிபின் ஒழுங்கேயாம். ஜார்ஜியத்தில் மனிதனைக் குறிக்கும் ‘கத்ஸி’ என்பது மெக்ரேலிய மொழியில் ‘கோச்சி’ ஆகும். ஒன்பதைக் குறிக்கும் ‘த்ஸ்க்ரா’ என்பது ‘ச்க்கோரோ’ ஆகும். இரண்டிடத்தும் ‘த்ஸ’ சகரமாகவும், அகரம் ஒகரமாகவும் மாறி நிற்றல் காண்க. இவ்வொழுங்கால் அவை கார்த்துவேலியக் குடும்பத்தின என்பது உறுதியாம். அவ்வாறே கன்னடத்துக் ‘கிவி’, ‘கேரி’ என்பன தமிழில் ‘செவி’, ‘சேரி’ என்றாம். இ, எ முதலிய உயிர்முன் மொழிமுதற் ககரம் சகரமாதல் விதி. ‘கிளி’ என்பதிற்போல வளைநா மெய் தொடரின் அது திரியாமையும் விதியே. வடமொழி ‘சப்த’ என்பது பிராகிருத ‘சத்த’ வழியாக ஒடியத்தில் ‘சாத’ என்றும் இந்தியில் ‘சாத்’ என்றும் நிற்பதும் இத்தகையதே. ஆகவே ஒடியம் இந்தோ ஆரியம், ஜார்ஜியம் கார்த்துவேலியம், தமிழ் திராவிடம் என மூன்றும் மூன்று குடும்பத்தின. இம்மூன்றையும் ஒரு பெருங்குடும்பத்துள் அடக்க இல்லிச்-சுவீத்திச்சு 1960களில் முயன்றார். மொழியறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர்.

பேரறிஞரும் இவ்விடத்துத் தவறியதுண்டு. ஒப்பிலக்கணத்தின் முன்னோடியான பாப்பு 1847இல் ஜார்ஜியத்தை இந்தோ ஐரோப்பியத்துள் சேர்க்க முனைந்தார், அது நிலைபெறவில்லை. கால்டுவெல் 1856இல் திராவிட உறவை நிறுவியது நின்றது. சித்திய உறவு பற்றி அவர் கூறியது நிற்கவில்லை. முன்னதற்கு ஒழுங்கான சான்று இருந்தது. சோவியத்து நாட்டில் மார் வகுத்த கொள்கை, மொழிகள் அனைத்தையும் நான்கு ஒலிக்கூறுகளினின்று பிறந்தனவாகக் கொண்டது. அரசின் ஆதரவோடு 1950 வரை அது கோலோச்சியமையால் உண்மையான ஒப்பாய்வு அங்கு நலிந்தது. பற்றும் அதிகாரமும் சான்றின் இடத்தைப் பற்றுமாயின் விளைவது இதுவே.

ஒடிசாவில் தமிழின் உறவு மொழிகள் இல்லாமல் இல்லை. குயி, கூவி, பெங்கோ, மண்டா ஆகியன அந்நாட்டு மலைப்பகுதிகளில் வழங்கும் திராவிட மொழிகள். ‘இரண்டு’ என்பதன் அடி குயி மொழியில் முதலுயிர் கெட்டு ‘ரீ’ என நிற்றல், தெலுங்கு ‘ரெண்டு’ என்பதனோடு ஒப்பிடத்தக்கது. குயி இலக்கணத்தை விண்பீல்டு 1928இல் வெளியிட்டார்; பெங்கோ மொழியைப் பர்ரோவும் பட்டாச்சார்யாவும் 1970இல் ஆராய்ந்து நூலாக்கினர். பெங்கோ, மண்டா மொழிகளைப் பேசுவோர் சிலரே. அவர்கள் நாள்தோறும் ஒடியத்தோடு பழகுவோருமாவர். எனவே, தொலைநாட்டு மொழிகளில் ஒலியொத்த சொற்களைத் தேடும் உழைப்பை நம் முதுகலை மாணவர் இம்மொழிகளின்பால் திருப்புதல் வேண்டும். தமிழின் தொன்மை வரலாற்றுக்கு உறுதியான சான்று அம்மலையூர்களில் கிடைக்கும். காலந்தாழ்த்தின் அதுவும் கிடையாது போகும் என்பது எம் கருத்து.