காலிக் கட்டிலுக்குக் காசு

அமெரிக்காவில் நர்சிங் ஹோமில் இருக்கும் ஒருவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவருடைய கட்டில் காலியாகக் கிடக்கும். ஆனாலும் பல மாநிலங்களில் அந்தக் காலிக் கட்டிலுக்கு அரசு காசு கொடுத்துவந்தது. ‘பெட் ஹோல்ட்’ என்று பேர். திரும்பி வரும்போது அவருக்கு இடம் இருக்கணும் இல்லையா, அதற்காக. நியாயம்தான்.

அதே ஆள் தன் வீட்டிலேயே இருந்துகொண்டு, குளிப்பாட்டிவிடவும் சக்கர நாற்காலியில் ஏற்றிவிடவும் ஓர் உதவியாளரை வைத்திருந்தால்? இவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களுக்கு உதவியாளருக்குக் கூலி கிடையாது. கட்டிலுக்கு நாலு கால் இருந்தும் அது எங்கேயும் போகாது. மனுஷி போய்விடுவாள். அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

கொரோனா காலத்தில் அமெரிக்காவின் மாற்றுத்திறனாளி சேவை அமைப்புகளுக்கு நிவாரணப் பணம் எப்படிப் போனது என்று வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க இந்தக் கட்டில்தான் குறுக்கே வந்து நின்றது.

கதை 1965இல் தொடங்குகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம் வந்தது அப்போதுதான். செலவை ஒன்றிய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும். நர்சிங் ஹோம் செலவை மாநிலங்கள் ஏற்றே ஆகவேண்டும். வீட்டில் வாழ்பவருக்கான அன்றாட உதவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அயோவா மாநிலத்துக் குழந்தை கேட்டி பெக்கெட், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்தால் செலவு பல மடங்கு குறைவு. ஆனால் வீட்டுக்குப் போனால் மெடிக்கெய்ட் போய்விடும். 1981 நவம்பரில் அதிபர் ரீகனே பத்திரிகையாளர்கள் முன் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். கேட்டி வீட்டுக்குப் போனாள். அதே ஆண்டு வந்த ஒரு சட்டம், மாநிலங்கள் ‘வேவர்’, அதாவது விலக்கு, வாங்கிக்கொண்டு வீட்டிலும் ஊருக்குள்ளும் சேவை தரலாம் என்றது. பெயரைக் கவனியுங்கள். கட்டில் விதி, வீடு விதிவிலக்கு.

1999இல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாமல் ஒருவரை நிறுவனத்துக்குள் அடைத்து வைத்திருப்பது பாகுபாடு என்றது. வழக்குக்குக் காரணமானவர்கள் ஜார்ஜியாவைச் சேர்ந்த லோயிஸ் கர்ட்டிஸ், இலேன் வில்சன் என்ற இரண்டு பெண்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நர்சிங் ஹோம் கட்டிலுக்கு எத்தனை நாள் காசு தருகிறீர்களோ, அதற்கு மிகாமல் வீட்டு உதவியாளருக்கும் தரலாம் என்று அதில் இருந்தது. இதற்குப் பெயர் ‘ரிடெய்னர்’. கட்டிலுக்குக் கிடைத்த மரியாதை மனுஷிக்கும் கிடைக்க 35 வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் ‘தரலாம்’தான்.

2020 மார்ச்சில் பகல்நேர மையங்கள் மூடப்பட்டன. இந்த அமைப்புகளில் பல, செய்த வேலையை மணிக்கணக்கில், சில சமயம் 15 நிமிடக் கணக்கில்கூட பில் போட்டு வாங்குபவை. கதவு மூடினால் பில் இல்லை. ஆனால் திறக்கும்போது அதே ஆட்கள் வேண்டும். வாய் பேசாத ஒரு பையன் தலையை எந்தப் பக்கம் திருப்பினால் பசி, எந்தப் பக்கம் திருப்பினால் பயம் என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகும். அந்த அறிவு எந்த ஃபைலிலும் கிடையாது.

மார்ச் 27 அன்று வந்த கேர்ஸ் சட்டம் மருத்துவ சேவை தருபவர்களுக்கு 10,000 கோடி டாலர் ஒதுக்கியது. ஏப்ரல் 10 அன்று முதல் 3,000 கோடி புறப்பட்டது. யாருக்கு? 2019இல் மெடிகேரில் பில் போட்டவர்களுக்கு. மெடிகேர் பெரும்பாலும் முதியோருக்கான திட்டம். அதன் கணக்குப் புத்தகம் ஒன்றிய அரசின் கையிலேயே இருந்தது, அதனால் வேகம். மெடிக்கெய்ட் கணக்கோ மாநிலம் மாநிலமாகச் சிதறிக் கிடந்தது. மெடிக்கெய்ட்டை மட்டுமே நம்பியிருந்த அமைப்புகளுக்கு அறிவிப்பு வந்தது ஜூன் 9 அன்று. அதற்குள் இரண்டு மாதச் சம்பள நாட்கள் வந்துபோயிருந்தன. யாரும் திட்டமிட்டு வஞ்சித்ததாக நான் நினைக்கவில்லை. புத்தகத்தில் பேர் இருந்தவர்களுக்குப் பணம் போனது, அவ்வளவுதான். ஆனால் யார் பேர் எந்தப் புத்தகத்தில் என்பது 1965லேயே எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பழைய ரிடெய்னர்தான் சில மாநிலங்களில் கைகொடுத்தது. ஜூன் கடைசியில் ஒன்றிய அரசு அதற்கும் எல்லை போட்டது: ஒரு தடவைக்கு 30 நாள், அதிகபட்சம் மூன்று தடவை. ஆட்குறைப்பு செய்யமாட்டோம், கூலியைக் குறைக்கமாட்டோம் என்று அமைப்புகள் உறுதி தரவேண்டும். செய்யாத வேலைக்குச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த நிபந்தனைதான். இந்தக் காசு வாங்குவது ஓய்வை அல்ல, நாளைக்கும் அதே ஆள் வருவார் என்கிற நிச்சயத்தை. அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை, வீட்டுச் சேவைகளுக்கான ஒன்றிய அரசின் பங்கு 10 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டது. நல்ல பணம். தாமதமான பணம்.

மூன்று முப்பது என்றால் 90 நாள். அமெரிக்காவில் பொதுச் சுகாதார அவசரநிலை முடிந்தது 2023 மே 11 அன்று. நடுவில் உள்ள நாட்களை நான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பையனின் தலைத் திருப்பலைப் படிக்கத் தெரிந்த எத்தனை பேர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதை எந்தக் கணக்கை வைத்து எண்ணுவது?