அத்துவிட்ட காகிதம்

போன வாரம் நம்ம ஊர்க் கோட்டை மண்மதிலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "டீச்சர், அந்தக் காலத்துல நம்ம பக்கம் விவாகரத்து உண்டா? எங்க ஆச்சி, அதெல்லாம் இப்ப வந்த கூத்துன்னு சொல்லுதா." பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

உண்டு. விவாகரத்து என்ற சொல்தான் புழக்கத்தில் கிடையாது. "அத்து விட்டாச்சு", "தீத்து விட்டாச்சு" என்பார்கள். இரண்டு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நின்று, பரிசப் பணத்தை யார் யாருக்குத் திருப்ப வேண்டும், போட்ட நகை எங்கே, பிள்ளை யாரிடம் என்று பேசி முடித்தால் ஆயிற்று. பிறகு அந்தப் பெண் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் பழைய ஆட்கள் சாதிகளையே "அறுத்துக் கட்டுகிறவர்கள்", "அறுத்துக் கட்டாதவர்கள்" என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில், மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடம் இருந்த ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். சாதி சனத்தின் முன்னால் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுத்துவிட்டால் மணம் முடிந்தது. "துரும்பு கொடுத்தல்" என்றாலே தீர்த்துவிடுதல் என்றுதான் பொருள்.

கோட்டைக்குள் கதை வேறு. கோட்டைப் பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வந்ததில்லை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கமலா கணேஷ் அதை ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1993-ல் வந்தது. அங்கே தாலி ஒருமுறைதான். ஆக, ஒரே ஊரில் மதிலுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம். எதை ஊர் உயர்ந்த வழக்கம் என்று மெச்சியதோ அதில் பெண்ணுக்கு வெளியேற வழி இல்லை. எதை இளக்காரமாகப் பேசியதோ அதில் வழி இருந்தது. வகுப்பில் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை, ஓய்வு பெற்றவளுக்கு என்ன!

வெள்ளைக்காரன் கோர்ட்டு வந்தபோது, இந்துச் சட்டம் என்றால் சாஸ்திர நூல்களில் உள்ளதுதான் என்று எடுத்துக்கொண்டது. சாஸ்திரப்படி திருமணம் முறியாது. அப்படியானால் நம் ஊர் வழக்கம்? இங்கேதான் பக்கத்து ராமநாதபுரம் ஜமீன் வழக்கு முக்கியமாகிறது. அது தத்தெடுப்புத் தகராறு. ஆனால் 1868-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதில் சொன்ன ஒரு விதி எல்லாவற்றுக்கும் பொருந்தியது: தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் இருந்தால் அது நூலில் எழுதியதை விட வலுவானது. 1894-ல் சென்னை உயர் நீதிமன்றம், பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிற சாதி வழக்கம் ஒழுக்கக்கேடு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. "நிரூபிக்கப்பட்ட" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாசரேத், சாயர்புரம் பக்கத்து நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. மதம் மாறியவரோடு சேர்ந்து வாழ மாட்டேன் என்று கணவனோ மனைவியோ விலகிவிட்டால் அந்த மணத்தைக் கலைக்க 1866-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். 1869-ல் கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டம் வந்தது. அதில் கணவன், மனைவியின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமை, இரண்டு வருஷம் கைவிட்டது என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001-ல்தான் நீங்கியது. 132 வருஷம்! காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் பெண்களுக்குக் கோர்ட்டில் மணவிலக்குக் கேட்கும் உரிமையைத் தெளிவாக எழுதி வைத்தது 1939-ஆம் வருஷத்துச் சட்டம்.

இந்துக்களுக்கு, நாடு முழுவதற்கும் சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே, 1949-ல் சென்னை மாகாணம் இருதாரத் தடையையும் மணவிலக்கையும் ஒரே சட்டத்தில் கொண்டுவந்தது. அதை எதிர்த்தும் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகு 1955 மே 18 முதல் இந்து திருமணச் சட்டம். இப்படி அறுத்துக் கட்டாதவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் வாசல் திறந்தது. ஆனால் ரொம்ப ஒடுக்கமான வாசல். கொடுமை செய்தான், விட்டுப் போனான் என்றால்கூட முதலில் நீதிமன்றப் பிரிவுதான் கிடைக்கும், நேரடியாக மணவிலக்கு கிடையாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் ஒரு மத்தியானத்தில் முடித்த காரியத்துக்கு, 1976-ல் 13-பி என்ற பிரிவு சேர்க்கும்வரை இந்து திருமணச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது நம் ஊர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவி. ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் கண்ணைக் கசக்குவாள். இப்போது கறுப்புக் கோட்டோடு பார்க்கும்போது 'நீ' என்று கூப்பிட வாய் வரமாட்டேன் என்கிறது, ஆனால் 'நீங்க' என்றால் கோபித்துக்கொள்கிறாள். "அப்போ பழைய வழக்கம் செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டேன். "சாகலை டீச்சர். அதே 1955 சட்டத்துல 29-ஆம் பிரிவு இருக்குல்லா, வழக்கப்படி தீர்த்துக்கிட்டா செல்லும்னு. அந்தப் பிரிவை நம்பித்தான் எல்லாரும் ஸ்டாம்பு பேப்பர்ல எழுதுதாங்க. கோர்ட்டுக்கு வந்தா, உங்க சமூகத்துல அப்படி வழக்கம் இருக்குன்னு நிரூபிங்கன்னு கேட்பாங்க. அங்கதான் மாட்டிக்கிடுதாங்க."

மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர். 1984-ல் முதல் மனைவியோடு ஒத்துவராமல், இரு வீட்டாரும் பேசி, முத்திரைத் தாளில் முச்சலிக்கா எழுதி, ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். "இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று அதில் இருந்தது. மறு வருஷம் வேறு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நல்ல குடும்பம். அவர் இறந்தபோது குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்தம்மா மனுக் கொடுத்தார். முதல் திருமணம் முடிந்ததற்குக் கோர்ட்டு உத்தரவு எங்கே என்று கேட்டார்கள். முச்சலிக்காவைக் காட்டினார். அது உத்தரவு இல்லையே.

வழக்கத்தை நிரூபிக்கலாம் என்று வக்கீல் முயன்றாள். அதற்கு முன்னுதாரணம் வேண்டும்: இன்னார் மகள் இன்ன வருஷம் இப்படித் தீர்த்துவிடப்பட்டாள், மறுபடி கட்டிக்கொண்டாள், ஊர் ஏற்றுக்கொண்டது என்று ஆட்கள் வந்து கோர்ட்டில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். இருந்த ஒருவர், "நம்ம சாதியில அப்படியெல்லாம் கிடையாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுற காலம், என்னைக் கூண்டுல ஏத்தி அசிங்கப்படுத்தாதீங்க" என்றார். பாருங்கள், மதிலுக்கு வெளியே இருந்தவர்களும் இப்போது உள்ளே இருந்தவர்களைப் போல ஆக ஆசைப்படுகிறார்கள். வழக்கம் சட்டத்தில் பிழைத்துக் கிடக்கிறது, ஊர் வாயில் செத்துவிட்டது. வழக்கப்படி நடந்த மணவிலக்கு என்றால், சொல்கிறவர்தான் அதைக் குறிப்பாக எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

ஓய்வூதியம் முதல் மனைவிக்குப் போனது. அவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அந்த முச்சலிக்காவுக்குப் பிறகு முப்பது வருஷம் அண்ணன் வீட்டுத் திண்ணையில், ஜீவனாம்சம் என்று ஒரு ரூபாய் வாங்காமல் இருந்தவர். இரண்டாவது மனைவியின் பிள்ளைகளுக்கு மட்டும் 16-ஆம் பிரிவு கைகொடுத்தது. பெற்றோர் திருமணம் செல்லாது என்றாலும் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே, அப்பா சொத்தில் பங்கு உண்டு.

ஜீவனாம்சத்திலும் இந்தக் காகிதம் ஒரு வேலை செய்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனைவி ஜீவனாம்சம் கேட்கும் சட்டத்தில் (பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144), இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குக் கிடையாது என்று ஒரு வரி உண்டு. கணவன் முச்சலிக்காவைத் தூக்கிக் காட்டி, சம்மதித்துத்தானே போனாள் என்று வாதாடலாம். அதே பெண் 13-பி பிரிவில் கோர்ட்டு மூலம் சம்மத விலக்கு வாங்கியிருந்தால், மறுமணம் செய்யாதவரை, தன் செலவுக்கு வழியில்லை என்றால் ஜீவனாம்சம் கேட்கலாம். 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் மணவிலக்கு ஆனவளும் இல்லை, மனைவிக்கு உள்ளதைச் சுலபமாகக் கேட்கக் கூடியவளும் இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதை நான் மட்டமாக நினைப்பவள் இல்லை. பேசித் தீர்த்ததையே மனுவாக எழுதி இருவரும் கோர்ட்டில் கொடுத்தால் அதுதான் 13-பி. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017 தீர்ப்புக்குப் பிறகு, சமரசத்துக்கு வழியே இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தையும் நீதிபதி தள்ளுபடி செய்யலாம்.

மும்பையில் கட்டிக்கொடுத்து, பிள்ளையோடு திரும்பி வந்து ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற பெண்கள் நம் தெருவிலேயே உண்டு. முன்பெல்லாம் கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், கணவன் இருக்கும் இடம் என்று அலைய வேண்டும். 2003-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் இருக்கும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலேயே மணவிலக்கு மனுப் போடலாம். வக்கீல் கட்டணத்துக்குப் பயந்தால், 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு என்று கோர்ட்டு வளாகத்தில் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, திருமணப் பதிவுச் சான்று இருந்தால் அது, ரேஷன் கார்டு இவற்றை எடுத்துப் போனால் முதல் நாள் அலைச்சல் மிச்சம் என்று வக்கீல் சொல்லச் சொன்னாள்.

கருங்குளம், ஏரல், ஆழ்வார்திருநகரி பக்கத்து நண்பர்களே, உங்கள் ஆச்சி தாத்தா காலத்து முச்சலிக்கா எதுவும் பரணில் கிடந்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பரிசம் எவ்வளவு திரும்பக் கொடுத்தார்கள், பிள்ளை யாரிடம் போனது என்று பார்க்க வேண்டும். கோட்டைக்குள் பிறந்த அக்காமார் யாராவது இதை வாசித்தால், எனக்குத் தெரியாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.