வாசகர் வட்டத்துக்கு வந்த இளையோர் நாவல்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் இராயவரமும் அரிமளமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்தில் பிறந்தார். வாண்டுமாமா 1925இல் அரிமளத்தில் பிறந்தார். பதிப்பாளர் 'சக்தி' வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரர். பிள்ளைகளுக்கென்று எழுதியவர்களும் அச்சிட்டவர்களும் இத்தனை நெருக்கமாகப் பிறந்த மண் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பணிக்காலம் முழுவதையும் இந்த மாவட்டத்துக் கிளை நூலகங்களில் கழித்தவள் நான். அந்தப் பெருமையோடுதான் இதை எழுதுகிறேன்.

நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பழையது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியை நூலகமாக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் 1948இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டுவரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தின் கொடை. ஊருக்கு ஒரு கட்டடமும், நாளிதழ் போட ஒரு மேசையும், சம்பளம் வாங்கும் ஒரு நூலகரும் கிடைத்தது அதனால்தான்.

சட்டம் நடைமுறைக்கு வந்த 1950இல்தான் வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். வங்கி வேலை பார்த்துக்கொண்டே மாலையில் சங்க வேலை பார்த்தவர் அவர். அதே ஆண்டு கலைமகள் நிறுவனத்திலிருந்து 'கண்ணன்' என்ற சிறுவர் இதழ் வந்தது, ஆசிரியர் ஆர்வி. 'கண்ணன்' செய்த பெரிய காரியம் ஒன்றுண்டு. வளர்ந்த பிள்ளைகள் படிக்கும்படியான நாவல்களுக்குப் போட்டி வைத்தார்கள். பதின்வயதுப் பெண் ஒருத்தி எழுதிய துப்பறியும் நாவல் அதில் பரிசு பெற்றது. 'நந்திமலைச் சாரலிலே' என்ற அந்த நாவலை எழுதியவர்தான் பிற்காலத்து எழுத்தாளர் அம்பை. பதின்வயதுக்காரர்களுக்கான நாவலைப் பதின்வயதுக்காரரே எழுதிய அந்தச் செய்தியை நான் பணியில் இருந்தவரை ஒவ்வொரு நூலக வாரத்திலும் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். சொன்னதும் பின்வரிசையில் ஒரு பெண்ணாவது நிமிர்ந்து உட்காருவாள்.

ஆனால் அந்த எழுத்தாளர்கள் நூலகத்துக்கு வந்தார்களா என்றால், எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் அதற்கு வழியே இருக்கவில்லை. பத்திரிகை வழியாகப் படித்து, அஞ்சலட்டையில் கடிதம் எழுதுவதோடு உறவு நின்றது. கூட்டம் போடுவதற்கு ஒரு நிலையான அமைப்பு வேண்டும். அதைத் தந்தது வாசகர் வட்டம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கூட்டுறவு வங்கிச் செயலாளர், மருந்துக்கடைக்காரர் என்று ஊரில் படிப்புப் பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்து நடத்துவது. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா வந்தால் வாடகை நாற்காலி, மைக் செட், பொன்னாடை, டீ, பிஸ்கட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. புரவலர் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்குவதும் அவர்களே. அவர்கள் இல்லாவிட்டால் பல கிளை நூலகங்களில் எழுத்தாளர் என்று ஒருவரைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அந்த விழாக்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் மாறுவேடப் போட்டியும் இருந்தன. பெரியவர்களுக்குப் பட்டிமன்றம் இருந்தது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. நாற்காலி எடுத்துப் போடும் வேலைதான். அலமாரியிலும் அதே நிலை. 'சிறுவர் பகுதி' என்று ஒரு அடுக்கு, அதைத் தாண்டினால் நேரே கல்கியும் சாண்டில்யனும். தமிழ்வாணனின் சங்கர்லால் நாவல்கள்தான் அந்த வயதுக்குப் பாலமாக இருந்தன. அட்டை கிழிந்து தைத்து, மறுபடி கிழிந்து போகும்வரை சுற்றில் இருந்தன. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸை அவர்கள் கடையில் வாங்கிப் படித்தார்கள். எங்கள் நூலகத்தில் காமிக்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. வைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த இடைவெளி நிரம்பத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். சாகித்திய அகாதெமி 2010இல் பால சாகித்திய புரஸ்காரத்தைத் தொடங்கியது. பிள்ளைகளின் உடல் பாதுகாப்பைப் பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதைப் பெற்றது. கோவில்பட்டி உதயசங்கர் கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் பெற்றது. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. அட்டையிலேயே 'இளையோர் நாவல்' என்று போட்டுப் புத்தகங்கள் வருகின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு வழி திறந்துவிட்டது.

சிற்றூரில் அது எப்படி நடக்கும் என்பதற்கு என் கடைசிக் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு வெள்ளி விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி ஒரு இளையோர் நாவலாசிரியர் வந்தார். மேடை போடவில்லை. செய்தித்தாள் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக உட்கார்ந்தோம். இரண்டு வாரம் முன்பே அவர் நாவலில் ஐந்து படிகள் வாங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் கைமாற்றி விட்டிருந்தோம். எல்லாரும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அந்த அண்ணன் ஊரை விட்டுப் போனான்னு எழுதிட்டீங்க. அவன் தங்கச்சி என்ன ஆனா?" என்று கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "அதை நான் யோசிக்கல பாப்பா. நீயே சொல்லு, என்ன ஆகியிருப்பா?" என்றார். அவள் சொன்னாள். இன்னொரு பையன் மறுத்தான். மைக் இல்லாமலே இருட்டும்வரை பேச்சு போனது. அடுத்த மாதம் பதிவேட்டில் அந்த வயதுக்காரர்களின் கையெழுத்து வரிசையாக விழுந்ததைப் பார்த்தபோது, இதை இருபது வருடம் முன்பே செய்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பொன்னாடைக்கும் பேனருக்கும் ஆகும் காசில் அந்த ஐந்து படிகளை வாங்கலாம். வாழ்த்துரையும் முன்னிலையும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும் கூட்டங்களில் பிள்ளைகள் கேள்வி கேட்க நேரம் மிஞ்சுவதில்லை. படிக்காமல் வந்த பிள்ளைக்கு எழுத்தாளர் வெறும் விருந்தாளி; படித்துவிட்டு வந்த பிள்ளையோ அவரை மடக்கிக் கேள்வி கேட்பாள்.

வாசகர் வட்டத் தலைவர்களே, நூலகத் தோழர்களே, வருகிற நவம்பரில் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஒரு இளையோர் நாவலாசிரியரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து மாவட்டத்தில் கட்டாயம் இருப்பார். பஸ் காசைக் கையில் கொடுங்கள். அவர் புத்தகத்தை முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.