கச்சால் கண்ட மலையகத் தமிழர்

ஜங்லிகாட்டில் வாழும் நம் முன்னோர் கப்பலேறி இத்தீவுக்கு வந்தபோது இடையே கடல் குறுக்கிட்டதேயன்றி நாடு மாறவில்லை. ஆனால் இதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சாலில் ரப்பர்த் தோட்டப் பணிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் கதை வேறு. பிறந்த நாட்டிலேயே அந்நியராக்கப்பட்டு, பிறர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தால் இந்தியா வந்தவர்கள் அவர்கள். அவ்வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். சென்னை மாகாணத்து ஏழை உழவர் மன்னார் வழியே காட்டுப் பாதையில் கால்நடையாகச் சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். இலைநோயால் காப்பி அழியவே தேயிலை தழைத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் அங்கேயே நிலைத்தன. கங்காணி கொடுத்த முன்பணமோ தீராக் கடனாயிற்று. கடனைக் குறித்த ‘துண்டு’ தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது.

இவ்வாறு சிறுகச் சிறுகப் பெற்ற உரிமைகளுக்கு அடித்தளமே ஆட்டங்கண்டது விடுதலைக்குப் பின்னர்தான். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் முதலியோர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமோ, தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தோருக்குப் பதிவேடு ஏது? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாட்டிற்குச் செல்வம் ஈட்டித் தந்தோர் நாடற்றோர் ஆயினர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் லால்பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் சரிபாதியாகப் பிரித்தனர். சொத்தைப் பிரிப்பது போல் மக்களைப் பிரித்தபோது, அம்மக்களைக் கேட்டார் எவருமிலர். அண்ணன் ஒரு நாட்டிற்கும் தம்பி மறு நாட்டிற்குமாகக் குடும்பங்கள் சிதறின.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவருள் ஒரு சிலரே நிக்கோபாரிகளின் தாயகமாகிய கச்சாலை அடைந்தனர். தேயிலை கிள்ளிய கைகள் பால்மரம் கீறக் கற்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவையும் பெரிதும் அழித்தது.

இலங்கையில் எஞ்சியோர்க்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமை நல்கின. ஆயினும் ஒரு தலைமுறை வாக்கின்றியே முதிர்ந்து மறைந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? உழைப்பவன் கைக்கு வேலை மட்டும் போதாது. பெயருக்கு ஒரு பதிவும், குரலுக்கு ஒரு வாக்கும் வேண்டும். அவை இல்லையேல் கூலியும் குடியிருப்பும் பிறர் கருணையாகிவிடும். இன்றும் நம் தீவுகளுக்குப் பல மாநிலத்தாரும் பிழைப்புத் தேடி வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் சேரவும், பிறப்பும் பெயரும் பதிவாகவும், பேசிய கூலி குறையாது கிடைக்கவும் துணைநிற்பது, புலம்பெயர்ந்து வந்த நம் தலையாய கடன். அக்கடனை மறவாதிருப்போமாக!